ஸ்டூடியோவில் ஆசிலோஸ்கோப் பிளக்இன்: ஃபேஸ், ஹம், கிளிப்பிங் பார்க்கும் முறை

இரண்டு மைக்கைச் சேர்த்தால் ஒலி தடிமனாக வேண்டும். மெலிந்துபோகிறது என்றால் லெவல் மீட்டரைப் பார்த்துப் பயனில்லை. அது எவ்வளவு சத்தம் என்று மட்டும் சொல்லும். ஸ்பெக்ட்ரம் அனலைசர் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று சொல்லும். எது முதலில் வந்தது, ஒன்று மேலே ஏறும்போது மற்றது கீழே இறங்குகிறதா என்பதை இரண்டும் காட்டுவதில்லை. அதைக் காட்டுவது, ஒலியின் அலைவடிவத்தை நேரத்தோடு வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப், சுருக்கமாக ஸ்கோப்தான். ரெக்கார்டிங்கில் வரும் சிக்கல்களில் பாதிக்குமேல் நேரமும் திசையும் சார்ந்தவை என்பது என் கருத்து. அதனால் ஈக்யூ, கம்ப்ரஸர் அளவுக்கு ஸ்கோப்பும் எல்லா செஷனிலும் திறந்திருக்க வேண்டும் என்பேன்.

காசு செலவழிக்கத் தேவையில்லை. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அதனுள்ளேயே ஜேஎஸ் வகைப் பிளக்இன்களில் ஓர் ஆசிலோஸ்கோப் இருக்கிறது. ஸ்மெக்ஸோஸ்கோப் பழைய பிளக்இன், இலவசம், பார்க்க எளிமையானது, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சேனல்தான் காட்டும். மெல்டா புரொடக்‌ஷனின் இலவசத் தொகுப்பில் எம்ஆசிலோஸ்கோப் வருகிறது. லினக்ஸில் ராபின் கரேயஸ் எழுதிய சிஸ்கோ 4 சேனல் வரை காட்டும், கர்சர் வைத்து நேரத்தை எண்ணாகவே படிக்கலாம். விண்டோஸில் பிளக்இன் இல்லாமல் தனி நிரலாக வேண்டுமென்றால் சைட்னிட்ஸ் எழுதிய சவுண்ட்கார்டு ஸ்கோப். அதில் சிக்னல் ஜெனரேட்டரும் கூடவே இருக்கிறது.

"ரெக்கார்டிங் மென்பொருளில் டிராக்கைப் பெரிதாக்கினாலே அலைவடிவம் தெரிகிறதே, பிளக்இன் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. டிராக்கில் தெரிவது பதிவான கோப்பு. ஈக்யூ, கம்ப்ரஸர், கேட் எல்லாம் தாண்டி வெளியே வரும் சிக்னல் அங்கே தெரியாது. இது சின்ன வித்தியாசம் இல்லை. கிக் டிரம்முக்கு உள்ளே ஒரு மைக், வெளியே ஒரு மைக் வைத்து, உள் மைக்கில் மட்டும் 60 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு 24 டிபி ஹைபாஸ் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) போட்டால், அந்த 60 ஹெர்ட்ஸிலேயே ஃபேஸ், அதாவது அலை தன் சுற்றில் இருக்கும் இடம், 180 டிகிரி திரும்பிவிடும். 120 ஹெர்ட்ஸிலும் ஏறக்குறைய 80 டிகிரி விலகி நிற்கும். டிராக்கில் இரண்டு அலையும் அழகாக ஒத்துப்போகும். காதில் கிக்கின் அடிவயிறு காணாமல் போயிருக்கும். ஃபில்டருக்குப் பின்னால் ஸ்கோப் வைத்தால்தான் காரணம் தெரியும். தீர்வும் எளிது: அதே ஹைபாஸை இரண்டு மைக்கிலும் போடுங்கள், அல்லது இரண்டையும் ஒரே பஸ்ஸுக்கு (பல டிராக்குகள் சேரும் பொதுச் சேனல்) அனுப்பி அங்கே போடுங்கள்.

முதலில் அமைப்பு. ஸ்கோப்புக்கென்று தனியாக ஒரு ஸ்டீரியோ பஸ் உருவாக்குங்கள். ஒப்பிட வேண்டிய இரண்டு டிராக்கையும் அதற்கு சென்ட் செய்து, ஒன்றை முழு இடது, மற்றதை முழு வலது பான் செய்யுங்கள். அந்த பஸ் மாஸ்டருக்கு, அதாவது இறுதி வெளியீட்டுக்கு, போகக் கூடாது. இதை மறக்கவே கூடாது, ஏனென்றால் சின்ன சிக்னலைப் பார்ப்பதற்காக ஸ்கோப்புக்கு முன்னால் 40 டிபி கெயின் ஏற்ற வேண்டி வரும். அது ஸ்பீக்கருக்குப் போனால் ட்வீட்டரும் போகும், காதும் போகும்.

அடுத்தது ட்ரிகர். புதிதாகப் பார்ப்பவர்கள் ஸ்கோப்பை மூடிவிட்டுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: கோடு ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. ட்ரிகர் என்பது எந்த இடத்திலிருந்து வரையத் தொடங்க வேண்டும் என்ற உத்தரவு. தொடர்ந்து ஒலிக்கும் டோன் என்றால் மேலேறும் விளிம்பு, லெவல் பூஜ்யத்துக்குச் சற்று மேலே, அலை நின்றுவிடும். டிரம் அடி என்றால் உச்சத்தில் கால்வாசி உயரத்தில் லெவல் வையுங்கள். மிகத் தாழ்வாக வைத்தால் பக்கத்து சிம்பலுக்கெல்லாம் ட்ரிகர் ஆகும். பிளக்இன் ஸ்கோப்புகள் பலவற்றில் ட்ரிகருக்கு முன்னால் நடந்ததைக் காட்டும் வசதி இல்லை. அடியின் முதல் அசைவுதான் நமக்கு முக்கியம் என்பதால் இது பெரிய குறை. அப்போது ட்ரிகரை ஃப்ரீயில் விட்டு, ஓர் அடி திரைக்குள் விழும் நேரம் பார்த்து ஃப்ரீஸ் பட்டனை அழுத்துவதே வழி.

ஸ்னேர் மேல், கீழ் மைக்கை எடுத்துக்கொள்வோம். குச்சி விழும்போது மேல்தோல் கீழே போகிறது, அதாவது மேல் மைக்கைவிட்டு விலகுகிறது. உள்ளே இருக்கும் காற்று கீழ்த்தோலைத் தள்ளுகிறது, அது கீழ் மைக்கை நோக்கி வருகிறது. மைக்குகளும் கேபிள்களும் சரியான வயரிங்கில் இருந்தால், அழுத்தம் கூடும்போது எக்ஸ்எல்ஆரின் பின் 2 பாசிட்டிவ் ஆகும். ஆகவே திரையில் மேல் மைக்கின் கோடு முதலில் கீழே குனியும், கீழ் மைக்கின் கோடு முதலில் மேலே எழும். திரையின் அகலத்தை 10 மில்லி விநாடிக்கு வைத்தால் இது பளிச்சென்று தெரியும். கீழ் மைக் சேனலில் வட்டத்தில் குறுக்குக்கோடு போட்ட போலாரிட்டி பட்டனை (அலையைத் தலைகீழாக்குவது) அழுத்தினால் இரண்டும் ஒரே பக்கம் கிளம்பும். ஸ்னேரின் உடம்பு திரும்பி வந்துவிடும்.

முதல் அரை அலையை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதற்கப்புறம் கம்பிகளின் சலசலப்பு, ஷெல்லின் எதிரொலி எல்லாம் கலந்துவிடும். அங்கே இரண்டு கோடும் ஒத்துப்போவதும் போகாததும் தற்செயல். பட்டனை அழுத்துவதற்கு முன்பே இரண்டும் ஒரே பக்கம் கிளம்பினால் மகிழ வேண்டாம். எங்கோ ஒரு கேபிளில் பின் 2ம் 3ம் மாறியிருக்கிறது. கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள், அடுத்து மைக்கை மாற்றிப் பாருங்கள். கண்டுபிடித்த கேபிளில் அப்போதே டேப் ஒட்டிவிடுங்கள். உள்ளூரில் சால்டர் செய்த கேபிள்களில் இது அரிதான விஷயம் இல்லை.

டிரம் செட்டுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக்கில் திசையோடு தூரமும் சேர்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மில்லி விநாடிக்கு 34 சென்டிமீட்டர். ஸ்னேரின் க்ளோஸ் மைக் 5 சென்டிமீட்டரில், ஓவர்ஹெட் 90 சென்டிமீட்டரில் என்றால் வித்தியாசம் 85 சென்டிமீட்டர், சுமார் 2.5 மில்லி விநாடி, 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது அளவுப் புள்ளி) 119 சாம்பிள். ஸ்கோப்பில் இந்த எண் ஏறத்தாழ வந்தால் எல்லாம் சரி. பெரிதாகத் தப்பினால் ஏதோ ஒரு பிளக்இன் தன் தாமதத்தை மென்பொருளுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். பிளக்இன்களை ஒவ்வொன்றாக பைபாஸ் செய்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

ஓவர்ஹெட்டை 119 சாம்பிள் முன்னால் இழுத்து ஸ்னேரோடு ஒட்டலாமா? நான் இழுப்பதில்லை. ஸ்னேருக்கு ஒட்டினால் டாமும் ஹைஹேட்டும் வேறு விதமாக விலகும், அறையின் ஆழமும் சுருங்கும். ஆனால் இடது ஓவர்ஹெட்டுக்கும் வலது ஓவர்ஹெட்டுக்கும் இடையே ஸ்னேர் ஒரே நேரத்தில் விழுவதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. 5 சென்டிமீட்டர் பிசகினால் 0.146 மில்லி விநாடி, 7 சாம்பிள். மோனோவில் கேட்டால் 3.4 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழும். ஸ்னேரின் கடி இருக்கும் இடமே அதுதான். ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரு கயிற்றைப் பிடித்து இரண்டு மைக்குக்கும் அளந்து வைத்துவிட்டு, ஸ்கோப்பில் 2 மில்லி விநாடி அகலத்தில் சரிபாருங்கள். பதிவுக்கு முன் ஸ்டாண்டை நகர்த்துவது ஐந்து நிமிட வேலை.

மிருதங்கத்தில் தொப்பிக்கும் (இடது தோல்) வலந்தலைக்கும் (வலது தோல்) தனித்தனி மைக் வைக்கும்போது இதே கேள்விதான், ஆனால் பதில் ஸ்னேர் அளவுக்குத் தெளிவாக வராது. இரண்டு தோலும் ஒரே கூட்டின் இரண்டு முனையில் இருக்கின்றன. ஆனால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. வித்வானிடம் வலது கையை எடுத்துவிட்டுத் தொப்பியில் தோம் மட்டும் நாலைந்து முறை வாசிக்கச் சொல்லுங்கள். தொப்பி மைக்கில் முதலில் எழும் அலையையும் வலந்தலை மைக்கில் தாமதமாக வருவதையும் ஃப்ரீஸ் செய்து பாருங்கள். பிறகு இடது கையை எடுத்துவிட்டு நம், தீம். இரண்டிலும் மற்ற மைக்கில் கசியும் அளவு சிறியதென்றால் போலாரிட்டி எப்படியிருந்தாலும் பெரிய பாதிப்பில்லை. கசிவு அதிகம் என்றால் மோனோவில் போட்டு, இரண்டு கையும் சேரும் சொல்லை வாசிக்கச் சொல்லி, பட்டனை அழுத்தியும் எடுத்தும் கேட்டு, அடி கனமாக நிற்கும் பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஸ்கோப் கேள்வியைக் காட்டும், தீர்ப்பு காதுடையது.

ஹம், அதாவது மின்சாரத்தால் வரும் இரைச்சலுக்கு வருவோம். 'உம்' என்ற சத்தம், 'ஜ்ஜ்' என்ற சத்தம், 'டிர்ர்' என்ற சத்தம் எல்லாவற்றையும் கிரவுண்ட் பிரச்சினை என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஸ்கோப்பில் அவை வேறு வேறு முகம். திரையை 100 மில்லி விநாடிக்கு வையுங்கள், சிக்னலை 40 டிபி ஏற்றுங்கள், எண்ணுங்கள். ஐந்து மேடு இருந்தால் 50 ஹெர்ட்ஸ்: கிரவுண்ட் லூப் (கருவிகளின் எர்த் இரண்டு வழியில் இணைந்து உருவாகும் சுற்று), அல்லது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் சிங்கிள் காயில் கிட்டார். பத்து மேடு, ரம்பப் பல் போல என்றால் 100 ஹெர்ட்ஸ்: ஏதோ கருவியின் பவர் சப்ளையில் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது. மேடு இல்லாமல் 10 மில்லி விநாடிக்கு ஒன்றாக ஊசி ஊசியாக நின்றால் ட்ரையாக் (மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் பாகம்) வைத்த லைட் டிம்மர் அல்லது எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர். ரெகுலேட்டரைத் திருப்பும்போது ஊசியின் உயரம் மாறும். ஃபேனை சுவிட்சில் அணைத்தால் மறையும். வீட்டு ஸ்டூடியோக்களில் பக்கத்து அறை ஃபேன்கூட இதைச் செய்யும். ஊசிகள் 1 மில்லி விநாடி இடைவெளியில் நெருக்கமாக இருந்தால் யுஎஸ்பி வழியாக வரும் கம்ப்யூட்டர் இரைச்சல். 4.6 மில்லி விநாடிக்கு ஒரு கட்டாக வந்தால் அறையில் யாருடைய ஃபோனோ 2ஜியில் டவரோடு பேசிக்கொண்டிருக்கிறது.

ஸ்மெக்ஸோஸ்கோப்பில் ட்ரிகரை இன்டர்னலுக்கு மாற்றி 50 ஹெர்ட்ஸுக்கு வைத்தால் இன்னும் எளிது. மின்சாரத்தோடு சம்பந்தப்பட்ட இரைச்சல் ஏறத்தாழ அசையாமல் நிற்கும், மற்றவை ஓடும். முற்றிலும் அசையாமல் நிற்காது. இந்திய மின்கட்டமைப்பில் அதிர்வெண் 49.90க்கும் 50.05க்கும் இடையே இருக்க வேண்டும் என்பதே விதி, அதனால் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். கிரவுண்ட் லூப் என்று தெரிந்ததும் லேப்டாப் சார்ஜரின் எர்த் பின்னை வெட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மைக்கைத் தொட்டுப் பாடுபவரின் உதட்டில் ஷாக் அடிக்கும், அதைவிட மோசமாகவும் ஆகலாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸில் (கருவியின் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்ப மாற்றும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் போடுங்கள், பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள், எல்லா ஆடியோ கருவிகளுக்கும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து மின்சாரம் எடுங்கள்.

கிளிப்பிங்கில், அதாவது லெவல் எல்லை மீறி அலையின் தலை வெட்டுப்படுவதில், கவனிக்க வேண்டியது தலை தட்டையாக இருக்கிறதா என்பதை, உச்சத்தை இல்லை. டிஜிட்டல் கிளிப் என்றால் அலையின் தலை பூஜ்யம் டிபியில் கத்தியால் சீவியதுபோல் இருக்கும், மீட்டரும் சிவப்பாகும். சிக்கலானது ப்ரீஆம்ப்பில் கிளிப் ஆகி அதற்கப்புறம் லெவல் குறைக்கப்பட்டது. மீட்டர் மைனஸ் 6ல் பச்சையாக நிற்கும், அலையின் தலையோ தட்டையாக இருக்கும். கிளிப் ஆன பிறகு ஹைபாஸ் வழியாகப் போயிருந்தால் அந்தத் தட்டை சரிந்து, சாய்வுக் கூரை போலத் தெரியும். பல பேர் அதைக் கிளிப் என்றே அடையாளம் காண்பதில்லை. இன்னொரு பக்கம், குரலிலும் நாகஸ்வரத்திலும் ட்ரம்பெட்டிலும் மேல்பாதி நீண்டும் கீழ்ப்பாதி குட்டையாகவும் இருப்பது இயல்பு. அது கிளிப்பும் இல்லை, டிசி ஆஃப்செட்டும் (முழு அலையும் நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்பது) இல்லை. அமைதியான இடத்தில் கோடு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் டிசி இல்லை. அப்படிப் பார்க்கும்போது ஸ்கோப்பின் டிசி கில் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். அது போட்டிருந்தால் நாம் தேடுவதையே அது அழித்துவிட்டுக் காட்டும்.

சத்தம் கூடும்போது லெவலைக் குறைக்கும் கம்ப்ரஸரை ஸ்கோப்பில் ஒரு முறை பார்த்தவர்கள் பேஸ் கிட்டாருக்கு ரிலீஸை (பிடித்ததை விடும் நேரத்தை) வைக்கும் விதமே மாறிவிடும். 40 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஜெனரேட்டரில் உருவாக்குங்கள்; நாலு தந்தி பேஸின் தாழ்ந்த ஈ 41.2 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதேதான். ஓர் அலைக்கு 25 மில்லி விநாடி. கம்ப்ரஸரில் ரேஷியோ 8, அட்டாக் 1 மில்லி விநாடி, ரிலீஸ் 20 மில்லி விநாடி, 10 டிபி குறையும்படி த்ரெஷோல்ட். பின்னால் ஸ்கோப். சைன் அலையின் தோள் ஒரு பக்கம் சரிந்து, தலை அமுங்கியிருக்கும். ஒவ்வொரு அரை அலைக்குள்ளும் கம்ப்ரஸர் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, அலையின் வடிவத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது. மேலும் கீழும் ஒரே மாதிரி நசுங்குவதால் 120, 200 ஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் (மூல அதிர்வெண்ணின் 3, 5 மடங்குகள்) சேர்கின்றன. இப்போது ரிலீஸைக் கொஞ்சம் கொஞ்சமாக 150 வரை ஏற்றுங்கள், தலை உருண்டையாவது கண்ணெதிரே தெரியும். அந்தக் கரகரப்பு வேண்டுமென்றே வைப்பவர்களும் உண்டு, தவறில்லை. தெரிந்து வைக்க வேண்டும்.

ஸ்கோப் காட்டும் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. 48 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள்கள் 20.8 மைக்ரோ விநாடிக்கு ஒன்று. பல பிளக்இன்கள் அந்தப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துவிடுகின்றன. 1 கிலோஹெர்ட்ஸில் பாதகமில்லை. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வடிவத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 12 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையில் சாம்பிள்கள் 45 டிகிரி தள்ளி விழுந்தால் எல்லாப் புள்ளியும் 0.707லேயே நிற்கும், உண்மையான உச்சம் அதைவிட 3 டிபி மேலே. மாஸ்டரில் உச்சத்தைப் பார்க்க புள்ளிகளுக்கு இடையிலுள்ள உச்சத்தையும் கணக்கிடும் ட்ரூ பீக் மீட்டர்தான் சரி, ஸ்கோப் இல்லை. அதேபோல, ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வழியாக 1 கிலோஹெர்ட்ஸ் ஸ்கொயர் அலையை அனுப்பித் திரும்ப எடுத்தால் மூலைகளில் சிற்றலை தெரியும். கருவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஹார்மோனிக்குகளை வெட்டினால் அப்படித்தான் வரும். 50 ஹெர்ட்ஸ் ஸ்கொயர் அலையின் மட்டம் சரிந்து தெரிவதற்கு இன்புட்டில் உள்ள கெப்பாசிட்டர் காரணம். அதே கெப்பாசிட்டர் டிசியைத் தடுப்பதால், சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸை வைத்து பேட்டரி வோல்டேஜ் போன்றவற்றை அளக்க முடியாது.

வோல்ட்டில் படிக்க வேண்டுமென்றால் ஒரு முறை அளவு பொருத்த வேண்டும். 100 ஹெர்ட்ஸ் சைன் டோனை லைன் அவுட்டில் விடுங்கள். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் இந்த அதிர்வெண்ணில் ஓரளவு சரியாகப் படிக்கும். ஏசி வோல்ட்டில் 1.23 வந்தால் அது பிளஸ் 4 டிபியூ (ஸ்டூடியோக் கருவிகளின் வழக்கமான லைன் லெவல்), உச்சம் 1.74 வோல்ட். அதே டோனை லைன் இன்னுக்குக் கொடுத்து ஸ்கோப்பில் உச்சம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள், கெயின் குமிழைத் தொடாத வரை அந்தக் கணக்கு செல்லும். பவர் ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்டை நேராக இன்டர்ஃபேஸில் செருகாதீர்கள். 8 ஓமில் 100 வாட் என்றால் 28 வோல்ட், இன்புட் எரிந்துவிடும். 10 கிலோஓமும் 1 கிலோஓமும் வைத்துப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். அதுவும் பிரிட்ஜ் வகை ஆம்ப் என்றால் அதன் மைனஸ் முனையை கிரவுண்டோடு சேர்க்கவே கூடாது.

கடைசியாக, ஓவர்டப் (ஏற்கெனவே பதிவானதைக் கேட்டபடி அதன்மேல் பதிவு) செய்யும் எல்லோரும் அளக்க வேண்டிய ஒன்று. இன்டர்ஃபேஸின் அவுட் 3லிருந்து இன் 3க்கு ஒரு கேபிள். இன் 3ன் மானிட்டரிங்கை அணையுங்கள், இல்லையென்றால் சிக்னல் சுற்றிச்சுற்றி ஊளையிடும். ஒரு டிராக்கில் ஒரே ஒரு கிளிக் வைத்து அவுட் 3ல் வாசிக்க விட்டு, அதையே இன்னொரு டிராக்கில் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டையும் ஸ்கோப் பஸ்ஸில் இடது வலதாக வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் டிரைவர் தன் தாமதத்தைச் சரியாகச் சொல்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் பின்னால் விழுந்தால் நீங்கள் பதிவு செய்யும் ஒவ்வொரு குரலும் 1.33 மில்லி விநாடி தாமதமாகத்தான் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. ரீப்பரில் ரெக்கார்டிங் அமைப்புகளில் கைமுறை ஆஃப்செட் என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டு, கிளிக்கைத் திரும்பப் பதிவு செய்து, கோடுகள் ஒட்டியதா என்று பாருங்கள். சாம்பிள் ரேட்டையோ பஃபரையோ டிரைவரையோ மாற்றினால் எண்ணும் மாறலாம். மறுபடி அளந்துவிட்டுப் பாடகரை உள்ளே அனுப்புங்கள்.